நடப்பு வட்டி

அட்டையில் அச்சான பேர் ஆங்கிலத்தில் ஒரு முழம்.
எங்கள் மேசையில் அவள் வட்டிக்காரி.
நாலு சக்தி கொடுத்து இறக்கிவிட்டால் போதும்,
ஒவ்வொரு சுற்றும் எதிராளி
கையிலிருந்து ஓர் அட்டை கட்ட வேண்டும்,
இல்லையென்றால் உயிரில் இரண்டு.
அசல் தீராது.
அசலே கிடையாது.

வெளியான வெள்ளிக்கிழமை ராத்திரி
செக்காலை ரோட்டு ஜெராக்ஸ் கடை ஷட்டரை இறக்குமுன்
கலரில் நாலு நகல் எடுத்தேன்.
பழைய அட்டைகளின்மேல் வைத்து உறைக்குள் சொருகினேன்.
பகலெல்லாம் நகைக்கடன் கிளையில்
உரைகல்லும் தராசுமாய் உட்கார்ந்திருப்பவள்
பாயில் அறுபது அட்டைக்கு எடை போட்டேன்.
இருபத்துமூன்று ஊற்று. குறைத்தால் தாகத்தில் சாவேன்.
நாலு வட்டிக்காரி.
மிச்சம் முப்பத்துமூன்று இடம்,
வரிசையில் நிற்பதோ எண்பது பேர்.

ஆறு வருஷமாய் கூட வரும் சாம்பல் நரியை
எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.
நரிக்கு அவசரம். இவளுக்கு நிதானம்.
ஒரே கட்டில் இரண்டும் வேகாது.
நன்றிக்கென்று தனிப் பற்று எழுத இடமில்லை.
நரியை டப்பாவில் போட்டேன்.

பள்ளத்தூரில் உமையாள் வீட்டு மாடி.
பங்குனி வெயில்.
ஃபேனைப் போட்டால் அட்டை பறக்கிறது,
நிறுத்தினால் உறை முழங்கையில் ஒட்டுகிறது.
முப்பது ஆட்டம்.
பதினொன்று ஜெயித்தேன்.
தோற்ற பத்தொன்பதில் பன்னிரண்டு தடவை
அவள் கைக்கே வரவில்லை.
நாலு போட்டும் முதல் ஏழு அட்டையில்
அவள் முகம் தெரிவது நூற்றுக்கு நாற்பது.
"அவளை மட்டும் நம்பிக் குடித்தனம் பண்ணாதே"
என்றாள் உமையாள்,
என் உயிரில் நாலைக் கழித்துக்கொண்டே.

பிறகு அறிவிப்பு வந்தது:
கழனிவாசலில் போட்டி. நகல் செல்லாது.

அசலாய் என்னிடம் இருந்தது ஒன்று,
பிரித்த பாக்கெட்டில் தானாய் வந்தது.
இன்னும் மூன்று வாங்க எட்டாயிரத்து நூறு.
"மோதிரத்தை ஒரு மாசம் வையேன், இங்கேயே" என்றார்
காசாளர் ரிஸ்வான், பாதி விளையாட்டாக.
கழற்றி ஒரு தடவை கல்லில் உரசினேன்,
நானும் பாதி விளையாட்டாக.
வட்டிக்காரியை வாங்க வட்டிக்கா?
திரும்ப மாட்டிக்கொண்டு
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

மூன்று இடம் காலி.
நரிகள் அழைக்காமலே வந்து உட்கார்ந்தன.

மண்டபத்தின் மேல்மாடியில் போட்டி.
கீழே யாருக்கோ காதுகுத்து,
மேளம் படியேறி வந்து மேசைகளை ஆட்டியது.
மூன்றாம் சுற்றில் எதிரே
தேவகோட்டைச் சேவுகன்,
சட்டைப்பையில் சொந்தப் பகடை.
முதல் ஆட்டம், ஆறாவது முறை,
அறுபதில் ஒருத்தி வந்தாள்.
கட்டினான், கட்டினான்,
கை காலியானதும் உயிரில் கட்டினான்.

அடுத்த ஆட்டத்தில் அவள் வரவில்லை.
அதை அவனிடம் யார் சொல்வது?
வட்டிக்கென்று இரண்டு அட்டையைத் தனியே பிடித்தபடி
ஒற்றைக் கையால் நீந்துகிறவன்போல் ஆடினான்.
நரிகள் கணுக்காலைக் கடித்தன.
முடிந்ததும் அந்த இரண்டையும் மேசையில் திருப்பினான்.
இரண்டுமே நல்ல அட்டை.
ஒன்றை இறக்கியிருந்தாலும் நான் காலி.

நாலாம் சுற்றில் ஒரு பள்ளிக்கூடப் பையன்.
அவளைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை போல,
எதையும் மிச்சம் பிடிக்காமல்
இருந்ததையெல்லாம் கொட்டி
பத்து நிமிஷத்தில் என்னை அனுப்பிவைத்தான்.
கட்டைப் புரட்டிப் பார்த்தேன்:
அடியிலிருந்து மூன்றாவதாய்,
மூலையில் மடங்காமல் பத்திரமாக இருந்தாள்.

வாசலில் சேவுகன் நின்றுகொண்டிருந்தான்.
டீ சொன்னான். சில்லறையும் அவனே கொடுத்தான்.
"கேட்கக் கூடாதுதான்,
உங்க கட்டுல அவ எத்தனை?"

அடுத்த மாசம் திரும்பவும் இதே மாடி.
ஆறட்டும் என்று கிளாஸைச் சுற்றினேன்.

நாலு, என்றேன்.